சாதாரண வாசகிக்கு ஒரு சான்றிதழ்

எர்சிலியா மத்தூச்சி முப்பத்தோரு வருஷமாக மாவட்ட ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை. கல்யாணத்தன்று பாதிரியார் மட்டும் ஒரு முறை கேட்டார். அதற்கும் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை அவரே முந்தின வாரம் சொல்லிக்கொடுத்திருந்தார். இப்போது புருஷனும் போய்ச் சேர்ந்தாயிற்று. ஐம்பத்தெட்டாவது வயதில், ஒரு ஜூலை மாதக் காலையில், சிவப்பு அரக்கு முத்திரை வைத்த பதிவுத் தபால் அவள் வீட்டுக்கு வந்தபோது, மின்சாரத்தைத் துண்டிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

கடிதம் இப்படி இருந்தது: "ரோக்காவெந்தோ நகர வெள்ளிச் சேவல் இலக்கியப் பரிசு அறக்கட்டளை, இவ்வாண்டின் நடுவர் குழுவில் சாதாரண வாசகர் என்ற இடத்துக்குத் தங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துள்ளது. மர்மம், காதல், மாயாஜாலம் ஆகிய மூவகை நாவல்கள் பற்றிய தங்கள் சொந்தக் கருத்து எங்களுக்கு விலைமதிப்பற்றது. எனவே அதற்கு ஊதியம் கிடையாது."

குலுக்கலில் அவள் பெயரை எழுதிப் போட்டவன் நேவியோ தர்தியோலி. நகரசபைக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறைதான் ஊர் நூலகம். நேவியோதான் அதன் நூலகர், எழுத்தர், பெருக்குகிற ஆள், எல்லாம். நாற்பத்தோரு வயது. அவனுடைய வேலை நிரந்தரமானது அல்ல; இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அறக்கட்டளை பார்த்துப் புதுப்பிக்கும் ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிகிற வருஷத்தில் மட்டும் அவன் கொஞ்சம் இளைத்துப்போவான். இது முடிகிற வருஷம்.

சனிக்கிழமைதோறும் எர்சிலியா அங்கே போய் மூன்று புத்தகம் எடுப்பாள். ஒன்று மஞ்சள் அட்டை, ஒன்று ரோஜா நிற அட்டை, ஒன்று அட்டையில் டிராகன் போட்ட தடி நாவல். அந்த நாட்டில் மஞ்சள் அட்டை என்றால் கொலைக்கதை, ரோஜா என்றால் காதல். மஞ்சள் புத்தகம் என்றதும் உங்கள் மனம் வேறெங்காவது போயிருந்தால் அதற்கு அவள் பொறுப்பல்ல. அடுத்த சனிக்கிழமை திருப்பிக் கொடுக்கும்போது மூன்றைப் பற்றியும் அவனிடம் இரண்டிரண்டு வாக்கியம் சொல்லுவாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். "இதையெல்லாம் எழுதி வைங்க, சிஞ்ஞோரா எர்சிலியா" என்று ஒரு கோடு போட்ட நோட்டும் கொடுத்திருந்தான். சிஞ்ஞோரா என்றால் அந்த ஊர் மரியாதையில் அம்மா. உலகத்தில் அவள் பேசுவதைக் கேட்க ஆள் இருந்த ஒரே இடம் அந்த மாடிப்படிக்குக் கீழேதான்.

போட்டிக்கு வந்த ஒன்பது நாவல்களையும் நேவியோவே ஒரு தக்காளிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். வகைக்கு மூன்று.

எர்சிலியா மூன்று வாரத்தில் ஒன்பதையும் படித்து முடித்தாள். நோட்டில் எழுதினாள். முதல் மஞ்சள் புத்தகத்தைப் பற்றி: "கொலைகாரன் ஏழாம் பக்கத்தில் அத்திப்பழம் தின்றுகொண்டு வருகிறான். இந்தப் புத்தகத்தில் வேறு யாருக்கும் சாப்பாடு கிடையாது. அப்போதே தெரிந்துவிட்டது." ஒரு காதல் கதையைப் பற்றி: "கதாநாயகி பதினோரு தடவை மயங்கி விழுகிறாள். டாக்டரைக் காதலிக்கிறாள். அந்த டாக்டர் ஒரு தடவை கூட அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யவில்லை. நல்ல டாக்டர் இல்லை. நல்ல புருஷனாகவும் இருக்க மாட்டான்."

மஞ்சளில் மூன்றாவது ஒன்று மெலிசாக இருந்தது. எங்கோ தெற்கே ஒரு பள்ளிக்கூட ஆசிரியை எழுதியது. மலைப்பாதையில் பெட்ரோல் பங்க் நடத்துகிற ஒருத்தியின் கதை. அதைச் சலவைக்கூடத்துக்கு எடுத்துப்போய், ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி, ஒரு கையில் புத்தகம் என்று படித்ததில், அறுவை சிகிச்சைப் பிரிவின் விரிப்பு ஒன்று கருகிப்போனது. கொலைகாரி யார் என்று கடைசி வரை அவளுக்குப் பிடிபடவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஏமாந்திருந்தாள். அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது.

எல்லாவற்றிலும் பெரியது 'அல்மோர்த்தின் எட்டாவது கதவு' என்ற மாயாஜால நாவல். அறுநூற்றுப் பதினான்கு பக்கம், முன்னால் ஒரு வரைபடம். எழுதியவர் கவாலியேரே குயிந்திலியோ மொர்தாச்சி. ஊருக்கு வெளியே இருந்த சிமெண்ட் ஆலை அவருடையது. கவாலியேரே என்பது அரசாங்கம் கொடுத்த பட்டம், சிமெண்டுக்காகக் கொடுத்தது. அந்தப் புத்தகத்தைப் பற்றி எர்சிலியா நான்கு பக்கம் எழுதினாள்.

அதைப் பாதி படித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை நேவியோ பேச்சுவாக்கில் கேட்டிருந்தான். "அந்தப் பெரிய புத்தகம் எப்படிப் போகுது?"

"இருநூறு பக்கம் தாண்டியாச்சு. இன்னும் குதிரைக்குச் சேணம் கட்டிக்கிட்டே இருக்காங்க."

நேவியோ சிரித்தான். கொஞ்சம் சீக்கிரமாகவே நிறுத்திவிட்டு, வேறு யாருடைய அட்டையிலோ முத்திரை குத்தப் போய்விட்டான்.

நடுவர் குழுவின் முதல் கூட்டம் பழைய பிரபுவின் மாளிகையில், கூரையில் தேவதைகள் வரைந்த கூடத்தில் நடந்தது. தலைவர் அதெமாரோ ஸ்பல்லாந்தி எழுபத்தொன்பது வயதான ஓய்வுபெற்ற பத்திரப் பதிவாளர். ஊரில் எல்லாரும் அவரைத் தொத்தோரே என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவருக்குப் பக்கத்தில் செயலாளர், பேராசிரியை யொலாந்தா ஃபெர்ரீஞ்ஞோ. மற்ற இரண்டு நடுவர்களில் ஒருவர் தலைநகரத்தில் இருந்தார். இன்னொருவர் போன பிப்ரவரியில் காலமாகிவிட்டார். இருவரும் தங்கள் ஒப்புதலை எழுத்துமூலம் அனுப்பியிருந்தார்கள்.

"வாங்க, சிஞ்ஞோரா" என்றார் தலைவர். "புத்தகங்களைப் பார்த்தீங்களா?"

"படிச்சேன்."

"எதை?"

"ஒம்பதையும்."

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். தலைவர் கொஞ்ச நேரம் கூரைத் தேவதைகளைப் பார்த்தார்.

"எல்லாப் பக்கத்தையுமா?"

"வரைபடத்தைக்கூடப் பார்த்தேன்."

தலைவர் பேராசிரியை பக்கம் சாய்ந்து, "இதுக்கு விதியில இடம் இருக்கா?" என்று கேட்டார். அவள் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். "நடுவர்கள் படிக்கக் கூடாதுன்னு எங்கயும் போடல, தொத்தோரே. ஆனா இப்படி ஒரு நிலைமை வரும்னு எழுதினவங்க எதிர்பார்க்கல."

தலைவர் எர்சிலியாவைப் பரிவோடு பார்த்தார். வழி தவறி வேறு ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டவளைப் பார்க்கிற பரிவு.

"நான் நாப்பது வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன், சிஞ்ஞோரா. முன்னூத்தி அறுபது நாவல் என் கை வழியாப் போயிருக்கு. அதுல ஒண்ணுகூட என் மனசைப் பாதிச்சதில்ல. நடுநிலைன்னா அதுதான். படிச்சவன் எப்படியும் ஒரு பக்கம் சாஞ்சிடுவான். பத்திரம் பதியறவன் வீட்டைப் போய்ப் பார்த்தான்னு வைங்க, அப்புறம் அவனால ஒரு கையெழுத்து ஒழுங்காப் போட முடியாது."

"கொலை, காதல், பூதம் இந்த மூணும் ஜனங்களுக்கான இலக்கியம்" என்று பேராசிரியை தொடர்ந்தாள். "ஜனங்களுக்கானதை ஜனங்களே மதிப்பிட்டா அது விமர்சனம் ஆகாது, வெறும் பிடிச்சுது பிடிக்கலதான். அதனால நாங்க ஜனங்களோட இடத்துல நின்னு, ஜனங்க யாரும் இல்லாம, பார்க்கறோம். உங்க இடம் ரொம்ப முக்கியமானது. நீங்க இங்க உட்கார்ந்திருக்கணும். அவ்வளவுதான்."

ஒரு படிவம் கொடுத்தார்கள். ஒவ்வொரு நாவலுக்கும் இருபத்திரண்டு அளவுகோல். 'பிராந்தியப் பெருமை', 'தாள் தரம்', 'நூலாசிரியரின் சமூக நிலை' என்று போயிற்று. கடைசியில், பக்கத்தின் அடி ஓரத்தில், 'சொந்தக் கருத்து, நான்கு சொற்களுக்குள்' என்று ஒரு கட்டம்.

"நான் நோட்டுல எழுதியிருக்கேனே" என்று எர்சிலியா எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது மஞ்சள் புத்தகத்தைப் பற்றி, "நூறாம் பக்கத்தில் கதைக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது, அதற்கப்புறம் இன்ஸ்பெக்டர் அதைத் தூக்கிச் சுமக்கிறார்" என்று படித்ததும் பேராசிரியை பேனாவை உயர்த்தி நிறுத்தினாள்.

"கதைக்கு இடுப்பு இல்ல."

"இல்லதான்."

"அப்போ இது உருவகம்." அவள் தலைவரிடம் திரும்பினாள். "தொத்தோரே, எனக்கு ஒரு சந்தேகம். இந்த அம்மா ஒம்பது புத்தகம் முழுசாப் படிச்சிருக்காங்க. உருவகம் வேற பேசறாங்க. இவங்க சாதாரண வாசகர்தானா?"

சட்டச் சிக்கல் என்று தலைவருக்கு உடனே புரிந்தது. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு ஆர்வம் தெரிந்தது. சாதாரணத்தன்மை சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படும் வரை எர்சிலியாவின் கருத்துகள் நிறுத்திவைக்கப்படுவதாகவும், நகரசபைப் பதிவகத்தில் குறைந்தது இரண்டு சாட்சிகளோடு அவள் சான்றிதழ் வாங்கி வர வேண்டும் என்றும் குறிப்பில் எழுதினார்கள்.

பதிவகத்தில் இப்படி ஒரு சான்றிதழ் இதுவரை யாரும் கேட்டதில்லை. எழுத்தர் குடியிருப்புச் சான்றிதழ்ப் படிவத்தை எடுத்து, 'குடியிருக்கிறார்' என்பதை அடித்துவிட்டு 'சாதாரணமானவர்' என்று எழுதினார். "காரணம் வேணும். சாட்சிகள் ஒவ்வொருத்தரும் அவங்க கைப்பட எழுதணும்."

எர்சிலியா இரண்டு சாட்சிகளைக் கூப்பிட்டாள். பதினோரு பேர் வந்தார்கள். வரச் சொல்லாதவர்களும் வேலையை விட்டு வந்தார்கள். கறிக்கடைக்காரர் மனைவி ஃபெதோரா கடையைப் பூட்டிவிட்டு வந்து, வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

விதிப்படி எழுத்தர் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தார். எர்சிலியா ஒவ்வொன்றின் கீழும் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஃபெதோரா எழுதியிருந்தாள்: "நாற்பது வருஷமாகப் பக்கத்து வீடு. தினமும் பேசுவோம். அவள் சொன்ன எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை."

எர்சிலியா கையெழுத்துப் போட்டாள்.

சலவைக்கூட மேற்பார்வையாளர்: "இரண்டு மாதம் அறுவை சிகிச்சைக்காக லீவில் இருந்தாள். திரும்பி வந்தபோதுதான் போயிருந்தாள் என்று தெரிந்தது."

கையெழுத்துப் போட்டாள்.

அவள் புருஷனின் அண்ணன்: "என் தம்பி இவளைக் கட்டிக்கொண்டது ஏன் என்று குடும்பத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்கும்படியாக ஒன்றும் இல்லை."

அதற்கும் போட்டாள். பேனா மை தீர்ந்துபோனது. எழுத்தர் வேறு பேனா கொடுத்தார்.

எல்லாரும் வெளியே போகும்போது ஃபெதோரா அவள் தோளைத் தட்டினாள். "நல்லா எழுதியிருக்கேன் இல்ல? நீ சொல்லு, நீதான் படிச்சவளாச்சே."

"நல்லா இருக்கு. சுருக்கமா இருக்கு" என்றாள் எர்சிலியா. அது உண்மைதான். அன்று வீட்டுக்குப் போய், முகம் கழுவி, நோட்டை எடுத்து, தன் நான்கு பக்கத்தையும் திரும்ப ஒரு முறை படித்துப் பார்த்துக்கொண்டாள். தன் கையெழுத்துதானா என்று பார்க்கிற மாதிரி.

இரண்டாம் கூட்டத்துக்குச் சான்றிதழோடு போனபோது தீர்ப்பு தட்டச்சு செய்து தயாராக இருந்தது. 'அல்மோர்த்தின் எட்டாவது கதவு' ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மேஜையில் வெள்ளிச் சேவல் நின்றது. அதன் அடியில் கவாலியேரேயின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. பொறித்த தேதி ஜனவரி. நாவல்கள் போட்டிக்கு வந்ததோ மே மாதத்தில்.

"இதுல ராஜா இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல செத்துட்டார்" என்றாள் எர்சிலியா. "குதிரையிலேர்ந்து விழுந்து. புதைச்சாச்சு. ஏழு பிள்ளைங்களும் அழுதாச்சு. முன்னூத்தித் தொண்ணூறுல அவருக்கே கல்யாணம் நடக்குது."

தலைவர் பேராசிரியையைப் பார்த்தார்.

"துணிச்சலான உத்தி" என்றாள் பேராசிரியை. "காலத்தோட நேர்க்கோட்டை உடைக்கறார்."

"உடைக்கல. மறந்துட்டார். ஏழு பிள்ளைங்களுக்கும் 'அல்'லுன்னு ஆரம்பிக்கிற பேரு. நாலாவது ஆளுக்கும் ஆறாவது ஆளுக்கும் ஒரே பேரு. அதுவும் உத்தியா?"

"அது வம்சத்தோட சோகம்" என்றாள் பேராசிரியை, எழுதிக்கொண்டே. அவளுடைய விழா உரைக்கு அது தேவைப்பட்டது.

எர்சிலியா அந்த மெலிசான மஞ்சள் புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள். இதற்குத்தான் கொடுக்க வேண்டும் என்றாள். ஒரு பக்கமாவது படித்துப் பாருங்கள் என்றாள். தலைவர் அதைக் கையால் தொடாமல், பேனா முனையால் ஓரமாகத் தள்ளினார்.

"சிஞ்ஞோரா, உங்க கையெழுத்து இல்லாம ஒருமனதுன்னு போட முடியாது. ஒருமனது இல்லன்னா பரிசு இல்ல. பரிசு இல்லன்னா கவாலியேரே அறக்கட்டளைக்குப் பணம் குடுக்கறதை நிறுத்திடுவார். அறக்கட்டளை ஊருக்குச் செய்யறது ரெண்டே விஷயம். ஒண்ணு இந்த விழா. இன்னொண்ணு மாடிப்படிக்குக் கீழ இருக்கற அந்த அறை. விழாவை நிறுத்த முடியாது." கொஞ்சம் யோசித்தார். "அங்க ஒருத்தன் உட்கார்ந்திருப்பானே, பேரென்ன?"

எர்சிலியா நேராக நூலகத்துக்குத்தான் போனாள். நேவியோ நடந்ததையெல்லாம் தலை குனிந்து கேட்டான். பிறகு, "போட்டுடுங்க" என்றான்.

"நீயா சொல்றே?"

"எனக்கு செப்டம்பர் இருபத்தஞ்சாம் தேதியோட ஒப்பந்தம் முடியுது, சிஞ்ஞோரா எர்சிலியா. இந்த வயசுல இந்த ஊர்ல எனக்கு வேற என்ன இருக்கு? சிமெண்ட் மூட்டை தூக்கணும். அதுவும் அவரோட ஆலையிலதான்."

"சரி, உனக்காகப் போடறேன். ஆனா அந்தப் புத்தகத்தை எழுதின ஆளை ஒரு நாள் என் கையில குடு. நீராவிப் பெட்டிக்கு அடியில வச்சு ஒரு இழுப்பு இழுக்கறேன்."

நேவியோ அட்டைகளை அடுக்கினான். அடுக்கியதைக் கலைத்துத் திரும்ப அடுக்கினான். "அவனும் கஷ்டப்பட்டுத்தான் எழுதியிருப்பான்."

"கஷ்டப்பட்டா மட்டும் விரிப்பு வெளுத்துடுமா? அழுக்கு அழுக்குதான்."

மறுநாள் கையெழுத்துப் போட்டாள். மெலிசான புத்தகத்தை எழுதிய ஆசிரியைக்கு 'பங்கேற்புக்கு நன்றி' என்று ஒரு அச்சடித்த அட்டை போயிற்று. அதில் அவள் பெயர் தப்பாக இருந்தது.

விழா செப்டம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சதுக்கத்தில் நடந்தது. மேடைக்குப் பின்னால் முழுப் பன்றி சுட்டுக்கொண்டிருந்ததால் கூட்டம் நன்றாக இருந்தது. ஒலிபெருக்கி வயர்களைப் பார்த்துக்கொள்ள அறக்கட்டளை நேவியோவை நிறுத்தியிருந்தது. பேராசிரியை வம்சத்தின் சோகத்தைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினாள். தலைவர், "இந்த நாவலை எத்தனை முறை கையில் எடுத்தாலும் முதல் முறை எடுத்த மாதிரியே இருக்கிறது" என்றார். கை தட்டினார்கள்.

அதன் பிறகு 'சாதாரண வாசகரின் குரல்'. எர்சிலியாவிடம் படிக்க ஒரு அட்டை கொடுத்தார்கள். அவளுடைய நோட்டிலிருந்து பேராசிரியை எடுத்துக்கொடுத்த வாக்கியம். நோட்டில் அவள் எழுதியிருந்தது: "இந்தப் புத்தகத்தைத் திறந்தால் என்னால் தூங்காமல் இருக்க முடியவில்லை." அட்டையில் இருந்தது: "இந்தப் புத்தகத்தைத் திறந்தால் என்னால் தூங்க முடியவில்லை." ஆறு எழுத்துகளைத்தான் எடுத்திருந்தார்கள்.

எர்சிலியா அட்டையை ஒரு தரம் படித்தாள், மனசுக்குள். கையெழுத்துப் போட்டாயிற்று, தீர்ப்புக் காகிதம் அறக்கட்டளையின் பெட்டியில் இருக்கிறது, இனி வாயால் சொல்வதற்குச் சட்டப்படி ஒரு மதிப்பும் இல்லை. நேவியோவின் வேலைக்கு ஆபத்து இல்லை. அப்படித்தான் கணக்குப் போட்டாள். அட்டையை மடித்துக் கவுன் பையில் வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியில் தன் சொந்தக் கருத்தைச் சொன்னாள்.

ராஜாவின் சாவைச் சொன்னாள், கல்யாணத்தைச் சொன்னாள். பொண்ணு வீட்டார் மாப்பிள்ளையைத் தோண்டி எடுத்துத்தான் கூட்டி வந்திருக்க வேண்டும் என்றாள். டிராகன் நெருப்புக் கக்குவதற்கு முன்னால் பத்திரப் பதிவாளர் மாதிரி ஒன்றரைப் பக்கம் பேசுகிறது, எரிந்து செத்தவர்கள் பாதிப் பேர் பேச்சிலேயே செத்திருப்பார்கள் என்றாள். எட்டாவது கதவைத் தேடி அறுநூறு பக்கம் போகிறார்கள், வரைபடத்தில் மொத்தமே ஐந்து கதவுதான் இருக்கிறது என்றாள். இதை எழுதினவன் காதலித்ததும் இல்லை, சண்டை போட்டதும் இல்லை, குதிரையைப் பக்கத்தில் போய்ப் பார்த்ததும் இல்லை, யார் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியிலேயே ஆயுசைக் கழித்தவன் என்றாள்.

சதுக்கம் குலுங்கிச் சிரித்தது. ஃபெதோரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கவாலியேரே மொர்தாச்சி தொடையில் தட்டிச் சிரித்தார். எர்சிலியாவின் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஊரே அவள் அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தது. அந்தச் சூட்டில் இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்தாள். அவை கொஞ்சம் மோசமானவை. மேடை ஓரத்தில் நேவியோ மட்டும் வயரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். ஒப்பந்தத்தை நினைத்துப் பயப்படுகிறான் என்று எர்சிலியா நினைத்தாள்.

விருந்து மேஜையருகே கவாலியேரே கறித் தட்டோடு அவளைத் தேடி வந்தார். அவளைக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"சிஞ்ஞோரா, ராஜா நிஜமாவே செத்துட்டாரா?"

"இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல."

"அடப்பாவமே." கவாலியேரேயின் முகம் வாடிவிட்டது. "எனக்கு அந்த ராஜாவைப் பிடிக்கும். பின்னட்டையில அவரைப் பத்தி நல்லா எழுதியிருந்தது. அந்தப் பையன் எங்கிட்ட இதைச் சொல்லவே இல்ல பாருங்க. ஒரு கல்யாணம் வரணும், என் மனைவிக்குக் கல்யாணம்னா பிடிக்கும்னு மட்டும்தான் சொன்னேன். அவர் செத்துட்டார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற யாருக்காவது பண்ணி வச்சிருக்கலாம்."

"எந்தப் பையன்?"

கவாலியேரே வாயில் கறி இருந்ததால் முள்கரண்டியால் காட்டினார். மேடையில் நேவியோ குனிந்து, வயரை முழங்கையிலும் உள்ளங்கையிலுமாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஒரு ஒப்பந்தத்துக்கு ஒரு நாவல். நியாயமான ஏற்பாடு. ரெண்டு வருஷம் உட்கார்ந்து எழுதினான், பாவம். அடுத்தது காதல் கதை. என் மனைவி பேர்ல." விழுங்கிவிட்டு, மரியாதைக்காகச் சேர்த்துக்கொண்டார்: "நீங்க ரொம்ப நல்லாப் பேசினீங்க. அவனும் கேட்டிருப்பான், உபயோகமா இருக்கும்."

எர்சிலியா அங்கேயே நின்றாள். ஒலிபெருக்கியில் கடைசியாகச் சேர்த்த அந்த இரண்டு வாக்கியமும் அவளுக்குச் சொல் சொல்லாக நினைவுக்கு வந்தன. நேவியோ வயரைச் சுற்றி முடித்தான். அவள் இருந்த பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்குப் போனதும் தக்காளிப் பெட்டியிலிருந்து அந்தத் தடி நாவலை எடுத்தாள். நூலகம் திங்கட்கிழமை திறக்காது. செவ்வாய்க்கிழமை வரை நேரம் இருந்தது. அறுநூற்றுப் பதினான்கு பக்கத்தையும் திரும்ப முதலிலிருந்து படித்தாள், பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, அவனிடம் போய்ச் சொல்ல நல்லதாக ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று. அவளுக்குப் பொய் சொல்ல வராது. புத்தக விஷயத்தில் வரவே வராது. ஒரு அத்தியாயம் வேண்டாம், ஒரு பத்தி போதும் என்று தேடினாள். நூற்று நாற்பதாம் பக்கத்தில், கோட்டை முற்றத்தில் காய்கிற ஈரத்துணியின் வாசனையைப் பற்றி அரை வாக்கியம் இருந்தது. மீதி அரை வாக்கியத்தில் அதன்மேல் டிராகன் வந்து இறங்கியது.

செவ்வாய்க்கிழமை காலையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, நூலகம் திறந்ததும் போய் நின்றாள். நேவியோ இஸ்திரி போட்ட புதுச் சட்டையில் இருந்தான். ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று என்பது அதிலேயே தெரிந்தது.

"நூத்தி நாப்பதாம் பக்கத்துல" என்று ஆரம்பித்தாள் எர்சிலியா, வணக்கம்கூடச் சொல்லாமல், "அந்த ஈரத்துணி வாசனை. அது நல்லா வந்திருக்கு, நேவியோ. படிச்சப்போ நிஜமாவே மூக்குல வந்துது."

"அது நீங்க சொன்னது" என்றான் நேவியோ. "ஒரு சனிக்கிழமை வந்தப்போ சொன்னீங்க. நான் அப்படியே எழுதிக்கிட்டேன்."

 அவன் மேஜை இழுப்பறையைத் திறந்தான்.

"உங்க உறுப்பினர் அட்டையைக் குடுங்க, சிஞ்ஞோரா மத்தூச்சி."

இத்தனை வருஷத்தில் அவன் அவளைக் குடும்பப் பெயரால் கூப்பிட்டதில்லை. அவள் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை வாங்கி, முத்திரை குத்தாமல், இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினான். பிறகு ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

"புது விதி. நடுவரா இருந்தவங்களுக்கு மூணு வருஷம் புத்தகம் கிடையாது."

"யார் போட்டது?"

"நேத்து நான் எழுதினேன். சாயங்காலம் தலைவர் கையெழுத்துப் போட்டுட்டார்."

"படிச்சாரா?"

"அவர் எதுக்குப் படிக்கணும்?"

எர்சிலியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். எந்தத் தாள் கையில் கிடைத்தாலும் முழுசாகப் படித்துவிடுகிற ஆள் அவள். நின்றபடியே படித்தாள். "விதி நாற்பத்தேழு. நடுவராக இருந்தவருக்குக் கருத்து உண்டு. கருத்து உள்ளவர் கையில் புத்தகம் பாதுகாப்பாக இருக்காது. மூன்று ஆண்டுகள்." கீழே தலைவரின் கையெழுத்து.

திரும்ப ஒரு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தாள். தாளை மேஜைமேல் சரியாக, ஓரம் ஓரத்தோடு பொருந்தும்படி வைத்தாள்.

"இது நல்லா எழுதியிருக்கே, நேவியோ" என்றாள். "ஒரு வார்த்தைகூட அதிகமில்ல."

கதவு வரை போய்விட்டாள். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நிஜமாவா?" என்று கேட்டான் நேவியோ.